மரத்துக்கு ஆள் கூப்பிடும் முன்

வீட்டு வளாகத்தில் பெரிய மரம் இருந்தால் என்றாவது ஒருநாள் அதற்கு ஆள் தேவைப்படும். கிளை கூரை மேல் சாய்ந்திருக்கும், ஒரு பக்கம் பட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் காற்றில் மரம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டிருக்கும். ரம்பம் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு "எவ்வளவு ஆகும்?" என்றுதான் பெரும்பாலானோர் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ரம்பம் இருந்தால் யாரும் வெட்டிவிடலாம். எதை வெட்டக்கூடாது என்று தெரிந்த ஆள்தான் கிடைப்பது கடினம். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்து, பேசி முடித்து, வேலை வாங்கி, கணக்கைத் தீர்ப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் நீங்களே ஒரு சுற்று வாருங்கள்

மரத்தைப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கீழிருந்து தொடங்குங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு பக்கம் மண் வெடித்திருக்கிறதா, மேடு தட்டியிருக்கிறதா? அடியிலோ வேர் மேலோ காளான் முளைத்திருக்கிறதா? தட்டுத் தட்டாக, கெட்டியாக ஒட்டியிருக்கும் காளான் என்றால் வேரோ அடிமரமோ உள்ளே அழுகிக்கொண்டிருக்கலாம். அப்புறம் தண்டு: விரிசல், பொந்து, பட்டை உரிந்த இடம். அதற்கு மேலே கவை. இரண்டு பெரிய கிளைகள் குறுகிய கோணத்தில் பிரிந்து, நடுவில் பட்டை உள்ளுக்குள் மடிந்து மாட்டியிருந்தால் அந்தப் பிணைப்பு பலவீனமானது. புயலில் பிளப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். கடைசியாக, இலை விடாத கிளைகள், முறிந்து இன்னொரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் கொப்புகள்.

இதையெல்லாம் பார்த்தவுடன் பயந்துவிட வேண்டாம். பொந்து இருக்கிற மரமெல்லாம் விழப்போகிற மரமில்லை. தண்டின் வெளிச்சுற்றில் கெட்டியான கட்டை போதிய தடிமனுக்கு இருந்தால் பல மரங்கள் பொந்தோடு நெடுங்காலம் நிற்கும். சாய்வும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்து, நுனி மறுபடி நிமிர்ந்திருக்கும் மரம் வேறு. போன மாதம் நேராக நின்று இன்று சாய்ந்திருக்கும் மரம் வேறு. இரண்டாவது வகையோடு எதிர்ப்பக்கத்தில் மண்ணும் எழும்பியிருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள், மரத்தடியில் யாரையும் விடாதீர்கள்.

மரத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துறை வல்லுநர்கள் ஆபத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் எதன் மேலாவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு சேதம். தோட்டத்து மூலையில் யாரும் போகாத இடத்தில் நிற்கும் பட்ட மரமும், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேலே நீண்டிருக்கும் பட்ட கிளையும் ஒரே கணக்கில் வராது.

நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரே வரியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். "கூரையைத் தொடக்கூடாது", "பட்ட கிளைகள் போக வேண்டும்", "ஜன்னலுக்கு வெளிச்சம் வேண்டும்". "மரத்தைக் கொஞ்சம் குறைக்கணும்" என்று சொன்னால், அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை ரம்பம் பிடித்தவர்தான் முடிவு செய்வார்.

மின்கம்பி அருகில் இருந்தால் இந்தச் சுற்றைத் தூரத்திலிருந்தே முடித்துக்கொள்ளுங்கள். கிளை கம்பியில் பட்டுக்கொண்டிருந்தாலோ, கம்பி மேல் மரம் விழுந்திருந்தாலோ முதல் தகவல் மின்சார நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயலாம். கம்பியை ஒட்டிய வேலைக்குத் தனிப் பயிற்சி உண்டு. எல்லா மரவேலைக்காரர்களும் அதைச் செய்யத் தகுதி பெற்றவர்கள் இல்லை.

2. அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள்

உங்கள் நிலத்தில் நிற்கிற மரமாக இருந்தாலும் வெட்ட அனுமதி தேவைப்படலாம். தண்டு குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டினால், குறிப்பிட்ட இனமாக இருந்தால், பாரம்பரியப் பகுதியில் இருந்தால் என்று ஊருக்கு ஊர் விதி மாறும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் வெட்டுவதைச் சட்டமே தடுக்கும் இடங்களும் உண்டு. உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு விசாரிப்பு போதும். மரம் எல்லைக்கோட்டில் நின்றால் பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், முடிந்தால் எழுத்தில். "அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்த அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க விட வேண்டும்.

3. யாரைத் தேடுவது

மரப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரை ஆர்பரிஸ்ட் என்பார்கள். தோட்டக்காரர், விறகு வெட்டுபவர், கட்டட ஒப்பந்ததாரர் எல்லோரும் மரத்தில் கை வைப்பார்கள். ஆனால் மரம் எப்படி வளர்கிறது, வெட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தவர் ஆர்பரிஸ்ட்தான். உலக அளவில் அதிகம் அறியப்பட்ட சான்றிதழை வழங்குவது 1924-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மரவளர்ப்புக் கழகம், சுருக்கமாக ஐ.எஸ்.ஏ. துறையில் அனுபவமும் இருந்து தேர்விலும் தேறினால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். அதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பதைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் பெயரைப் போட்டு அவருடைய சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று கழகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மரத்தின் ஆபத்தை மதிப்பிடுவதற்குத் தனித் தகுதிச் சான்றும் உண்டு. விழுமா விழாதா என்பதுதான் உங்கள் கவலை என்றால் அந்தத் தகுதி உள்ளவரைத் தேடுங்கள்.

சான்றிதழ் நிறுவனத்துக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். அலுவலகத்தில் ஒருவர் சான்றிதழ் வைத்துக்கொண்டு, மரத்தில் ஏறுபவருக்கு எதுவுமே தெரியாமல் இருந்தால் உங்களுக்குப் பயனில்லை. "வேலை நடக்கும்போது சான்றிதழ் உள்ளவர் இங்கே இருப்பாரா?" என்று கேளுங்கள். சான்றிதழ் பெற்றவர்களே கிடைக்காத இடத்தில் இருக்கிறீர்களா? சரி, அடுத்த பகுதியில் வரும் கேள்விகளை வைத்து ஆளை எடை போடலாம். அவற்றைச் சான்றிதழ் உள்ளவரிடமும் கேட்பது நல்லதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். மரத்தை அகற்றுவதா வேண்டாமா என்பதே கேள்வியாக இருக்கும்போது, வெட்டினால் காசு பார்க்கப்போகிறவரிடம் கருத்துக் கேட்பதில் சிக்கல் இருக்கிறது. பெரிய, வயதான, மதிப்புள்ள மரம் என்றால், வெட்டும் வேலையே செய்யாமல் ஆலோசனை மட்டும் சொல்லும் ஆர்பரிஸ்டுக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். ஒலி அலைகளை வைத்தோ மெல்லிய ஊசித் துளைப்பானை வைத்தோ தண்டுக்குள் எவ்வளவு அழுகல் என்று அளக்கும் கருவிகள் அவர்களில் பலரிடம் இருக்கும். அந்தச் செலவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

4. பேச்சிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்

குறைந்தது மூன்று பேரை வரவழையுங்கள். படத்தைப் பார்த்து விலை சொல்பவரை விட்டுவிடுங்கள், நேரில் வந்து, மரத்தைச் சுற்றிப் பார்த்து, "எதுக்காக வெட்டணும்னு நினைக்கிறீங்க?" என்று உங்களைக் கேட்பவர் முக்கியம். அந்தக் கேள்வியைக் கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. முதலில், "உச்சியை வெட்டி மரத்தை மட்டமாக்க முடியுமா?" என்று தெரியாதவர்போல் கேட்டுப் பாருங்கள். "தாராளமா" என்று பதில் வந்தால் அத்தோடு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். மரத்தை மொட்டையடிப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் கேடு. இலை போனால் மரத்துக்கு உணவு போயிற்று. பட்டையில் திடீரென்று வெயில் பட்டு வெந்துபோகும். பெரிய வெட்டுகள் மூடாமல் அழுகும். மரம் பதறி, உறங்கிக்கிடந்த மொட்டுகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். பச்சையாகத் தெரிவதால் பிழைத்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் அந்தக் கிளைகள் தண்டின் உட்கட்டையில் வேர்கொள்ளாமல் மேலோடு ஒட்டியவை. சில ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டும்போது பழைய கிளைகளைவிட எளிதாக முறியும். ஆபத்தைக் குறைக்கச் செய்த வேலை ஆபத்தைக் கூட்டிவிடும். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது: நீண்ட கிளையை, அதைவிடச் சிறிய ஆனால் பொறுப்பெடுத்து வளரக்கூடிய பக்கக் கிளை பிரியும் இடம்வரை பின்வாங்கி வெட்டுவது. நல்லவர் இதைத்தான் சொல்வார்.

இரண்டாவது, "கிளையை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?" கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு தண்டாக வழித்து வெட்டினால் அந்த வளையம் போய்விடும்; முழ நீளத்துக்குக் கட்டையை மிச்சம் வைத்து வெட்டினால் அந்த மிச்சம் காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை ரம்பத்தால் பிளந்து உள்ளே பார்த்துக் கண்டது இது: மரத்தின் காயம் நம் தோலில் ஆறுவதுபோல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. 1977-ல் வெளியான அவருடைய விளக்கம் கிளை வெட்டும் முறையையே மாற்றியது. அந்தப் புடைத்த வளையம் தடுப்பு எழும்பும் இடம். அதை வெட்டி எறிந்துவிட்டு மேலே தார் பூசினால் என்ன பயன்? சில நோய்கள் பரவும் இடங்களைத் தவிர, வெட்டுக்குப் பூச்சு அடிப்பதைப் பொதுவாக இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. பூச்சு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

மூன்றாவது, "எப்படி ஏறுவீர்கள்?" காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறுவது அடியோடு அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும்தான். பிழைக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். தென்னை, பனை வகைகளில் இன்னும் மோசம்: அவற்றின் தண்டில் காயத்தை மூடும் வளர்ச்சியே கிடையாது, குத்திய ஓட்டை கடைசிவரை ஓட்டைதான். அந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு உச்சியில் ஒற்றைக் குருத்துதான். அது போனால் அந்தத் தண்டே போயிற்று. பச்சை மட்டைகளை மேல்நோக்கிய சில மட்டைகள் மட்டும் மிஞ்சும்படி வழித்தெடுப்பதும் மரத்தை மெலியவைக்கும்.

நான்காவது, "மொத்தத்தில் எவ்வளவு எடுப்பீர்கள்?" ஒரே ஆண்டில் பச்சைத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது பரவலான வழக்கம். வயதான மரத்துக்கு அதுவும் அதிகம். உள்கிளைகளையெல்லாம் சுத்தமாக வழித்து, நுனியில் மட்டும் குஞ்சம்போல் இலை விடுகிறார்களா என்பதையும் பாருங்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். எடை முழுக்க நுனிக்குப் போய்க் காற்றில் கிளை முறியும்.

புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி, "உங்க மரம் இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துடும், இப்பவே சொன்னா பாதி விலைக்குச் செய்றோம்" என்று அவசரப்படுத்துபவர்களிடம் இந்த நான்கு கேள்விகளைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

5. இன்சூரன்ஸ்

இரண்டு காகிதம் கேளுங்கள். கிளை பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தால் இழப்பீடு தரும் பொறுப்புக் காப்பீடு ஒன்று. வேலையாளுக்கு அடிபட்டால் செலவை ஏற்கும் தொழிலாளர் காப்பீடு இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் ஒருவர் உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் பல இடங்களில் பொறுப்பு நிலத்தின் உரிமையாளர் தலையில் வந்து நிற்கும். நகலை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. காப்பீட்டு நிறுவனத்தை நீங்களே தொடர்புகொண்டு, காலாவதியாகவில்லை, மரவேலைக்கும் சேர்த்துத்தான் என்று உறுதிசெய்யுங்கள்.

6. எழுத்தில் வாங்குங்கள்

விலைப்புள்ளியில் "மரம் சுத்தம் செய்தல்" என்று ஒரு வரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். "5 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட பட்ட கிளைகள் அனைத்தையும் அகற்றுதல், கூரைக்கு மேலுள்ள கிளைகளைக் கூரையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி வரும்படி பக்கக் கிளை வரை குறைத்தல், உச்சி வெட்டக்கூடாது, முள் கட்டி ஏறக்கூடாது." இந்த அளவுக்கு இருந்தால்தான் மூன்று விலைகளை ஒப்பிட முடியும். எந்தத் தரநெறிப்படி வேலை என்பதையும் சேர்க்கச் சொல்லலாம்: அமெரிக்காவில் ஏ300, பிரிட்டனில் பி.எஸ். 3998, ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ். 4373.

வெட்டியதை யார் எடுத்துப்போவது என்பதில்தான் அதிகம் சண்டை வரும். ஒரு கன மீட்டர் பச்சைக் கட்டை ஏறக்குறைய ஒரு டன் கனம் இருக்கும்; அவர்கள் விட்டுப்போனால் நீங்கள் நகர்த்த முடியாது. தடிக் கட்டைகள் யாருக்கு, தழையை அரைத்த தூள் யாருக்கு, அடிக்கட்டை அப்படியே நிற்குமா, மண்ணுக்குக் கீழே அரைத்து எடுக்கப்படுமா, எத்தனை செ.மீ. ஆழத்துக்கு? அரைப்பதாக இருந்தால் கீழே போகும் தண்ணீர்க் குழாய், கேபிள் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். வேலி, தரை, செடிகளுக்குச் சேதம் ஆனால் யார் பொறுப்பு என்பதும் தாளில் இருக்கட்டும்.

பணம்: முழுத்தொகையை முன்கூட்டிக் கேட்பவர் வேண்டாம். பெரிய வேலைக்கு ஓரளவு முன்பணம் கேட்பது நடப்பதுதான்.

7. வேலை நடக்கும் நாள்

வண்டிகளை நகர்த்துங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள், பக்கத்து வீட்டுக்கு முந்தின நாளே சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் அவர்களோடு மரத்தடியில் நின்று எழுதிய தாளை ஒருமுறை வாசித்து, கையால் காட்டி உறுதிசெய்யுங்கள். விலை பேசியவர் வராமல் வேறு ஆட்கள் வேலைக்கு வருவது அடிக்கடி நடக்கும்.

பிறகு தள்ளி நின்று பாருங்கள். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, ரம்பம் பட்டால் காக்கும் கால்சட்டை இருக்கிறதா? மேலே இருப்பவர் கயிற்றில் கட்டியிருக்கிறாரா? கீழே குறைந்தது ஒருவராவது, மேலே ஒருவர் மயங்கினால் ஏறி இறக்கத் தெரிந்தவராக நிற்க வேண்டும். ஏணியில் நின்றபடி ஒரு கையால் மோட்டார் ரம்பம் ஓட்டுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய கிளையை மூன்று வெட்டில் எடுப்பார்கள்: முதலில் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி அடியிலிருந்து கால்வாசி, அடுத்து அதற்கு வெளியே மேலிருந்து முழுவதும், எடை போன பிறகு வளையத்துக்கு வெளியே கடைசி வெட்டு. ஒரே வெட்டாக வெட்டினால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

வண்டியை மரத்தடி மண்ணில் ஏற்றவும் விடாதீர்கள். பெரும்பாலான வேர்கள் மேலே 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அழுந்திய மண்ணில் வேர் மூச்சுவிட முடியாது. அதன் விளைவு பல ஆண்டு கழித்துத்தான் உச்சியில் தெரியும், அப்போது யாரையும் பிடிக்க முடியாது.

8. கணக்கு முடித்த பிறகு

மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் தாளை வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தொங்கும் கொப்பு எதுவும் மேலே மாட்டியிருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் பாருங்கள். அரைத்த தூளை வாங்கி வைத்திருந்தால் மரத்தைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டோடு குவிக்க வேண்டாம், பட்டை ஈரத்தில் அழுகும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வறண்ட காலமானால் ஆழமாக, இடைவெளி விட்டுத் தண்ணீர். உரம் உடனே தேவையில்லை.

வெட்டிய இடத்தருகே புதுத் துளிர்கள் வந்தால் எல்லாவற்றையும் உடனே கிள்ளி எறியாதீர்கள். இழந்த இலையை ஈடுகட்டத்தான் மரம் அதை விடுகிறது. எதை வைப்பது எதை எடுப்பது என்று அடுத்த ஆண்டு வரும் ஆர்பரிஸ்ட் சொல்வார். முன்பு எடுத்த படங்களையும் வேலைத் தாளையும் ஒரே உறையில் போட்டு வைத்தால் அவருக்கு விளக்கிச் சொல்வது எளிது. வெட்ட ஒன்றுமில்லை என்று அவர் பார்த்துவிட்டுப் போனாலும், பார்த்ததற்கான கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.